மொத்த ரேடியேஷன் ஒன்றுதானே, ஏன் இத்தனை நாள்?

கேள்வி: தொண்டைப் புற்றுநோய்க்காக அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது தினம் 2 கிரே (ரேடியேஷன் டோஸை அளக்கும் அலகு) வீதம் 30 சிட்டிங், மொத்தம் 60 கிரே ரேடியேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். தினம் 3 கிரே கொடுத்தால் 20 சிட்டிங்கில் அதே 60 முடிந்துவிடுமே? கணக்கு போட்டுத்தான் கொடுக்கிறோம் என்கிறார்கள். என்ன கணக்கு அது?

பதில்: கூட்டினால் இரண்டும் 60தான், ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. ரேடியேஷன் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. ஒரே அடியில் திருத்த முடியாதபடி உடைவது ஒரு வகை, இது டோஸ் ஏறும் அதே விகிதத்தில் ஏறும். சின்னச் சின்னக் காயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து செல்லைக் கொல்வது இன்னொரு வகை, இது டோஸின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது ஒரு சிட்டிங்கின் டோஸ் இரண்டு மடங்கானால் இந்தச் சேதம் நான்கு மடங்கு. முதலாவதற்கு ஆல்பா, இரண்டாவதற்கு பீட்டா என்று பெயர். முக்கியமானது ஆல்பாவை பீட்டாவால் வகுத்தால் வரும் விகிதம்தான். பெரும்பாலான கட்டிகளுக்கு அதைச் சுமார் 10 கிரே என்றும், தண்டுவடம் போல மெதுவாகப் பாதிப்பைக் காட்டும் நல்ல திசுக்களுக்குச் சுமார் 3 கிரே என்றும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு சிட்டிங்கின் டோஸை அந்த விகிதத்தால் வகுத்து, 1 கூட்டி, மொத்த டோஸால் பெருக்க வேண்டும், வருகிற எண் அந்தத் திசுவில் விழும் பாதிப்பை ஒப்பிடும் அளவு. தினம் 2 கிரே என்றால் கட்டிக்கு 72, நல்ல திசுவுக்கு 100. தினம் 3 கிரே என்றால் கட்டிக்கு 78, நல்ல திசுவுக்கு 120. கட்டியின் மேல் 6 கூடுதலாக விழுவதற்கு நல்ல திசு 20 கூடுதலாகத் தாங்க வேண்டியிருக்கிறது, அதன் விளைவு உடனே தெரியாது, சிகிச்சை முடிந்து மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத்தான் தழும்பு இறுகி விழுங்கச் சிரமமாகி வெளியே வரும். அதனால் அப்பா விஷயத்தில் 30 சிட்டிங்கைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஆனால் உங்கள் யோசனை எல்லா இடத்திலும் தவறு என்று சொல்ல மாட்டேன். மார்பகப் புற்றுநோயில் அந்த விகிதம் 4ஐ ஒட்டி, நல்ல திசுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பதில் லாபம் குறைவு. பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு, 5 சிட்டிங்கில் 26 கிரே கொடுப்பது 15 சிட்டிங்கில் 40 கிரே கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று 2020இல் காட்டியது.

கேள்வி: வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுக்கும் என் அக்காவுக்குக் காய்ச்சலால் நான்கு சிட்டிங் விட்டுப்போனது. கடைசியில் நான்கு நாள் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடாதா?

பதில்: டோஸ் சரியாகிவிடும், நாள்தான் நீண்டுவிடும். தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளில் சிகிச்சை தொடங்கி நான்கு வாரம் போல ஆனதும் மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன, அதை ஈடுகட்ட மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே போய்விடும் என்று 1988இல் விதர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் கணக்கிட்டார்கள். நான்கு நாள் தள்ளிப்போனால் 2.4 கிரே, ஒரு முழு சிட்டிங்குக்கும் மேல்! அதனால்தான் முடிகிற தேதியைத் தள்ளாமல், லீவு நாளில் ஒரு சிட்டிங் வைப்பார்கள், அல்லது ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு வைப்பார்கள். அந்த 6 மணி நேரம் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்வதற்கு. டாக்டரிடம் இன்றைக்கே கேளுங்கள், கடைசி வாரம் வரை விடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் குணமாகுமா இல்லையா என்றும் கணக்கே சொல்லிவிடுமா?

பதில்: வாய்ப்பைச் சொல்லும். 100 கோடி செல்கள், ஒவ்வொரு சிட்டிங்கிலும் பாதி சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 30 சிட்டிங் முடிந்ததும் சராசரியாக ஒரு செல் மிஞ்சும், ஒன்றுகூட மிஞ்சாமலிருக்கும் வாய்ப்பு 40 சதவீதத்தை ஒட்டித்தான். இன்னும் 5 சிட்டிங் கொடுத்தால் அது 97 சதவீதம் ஆகிவிடும். கடைசிச் சில சிட்டிங்குகளை, உடம்பு அசந்துபோன நேரத்தில், விட்டுவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். நிஜக் கட்டி இவ்வளவு ஒழுங்காக இருக்காது, ஆக்சிஜன் எட்டாத செல்களைக் கொல்ல மூன்று மடங்கு டோஸ் வரை தேவைப்படலாம், ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே இந்தச் சதவீதத்தை ஒரு தனி மனிதரின் முடிவாகப் படிக்காதீர்கள், எந்தத் திட்டம் மேல் என்று ஒப்பிடத்தான் டாக்டர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.