கையெழுத்து கேட்கும் அண்ணன்கள்

கேள்வி: எங்கள் பாட்டி கைநாட்டு. அம்மாவைப் பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். என் மகள் பெங்களூரில் தனியாக வீடெடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள். பெண்களின் சுதந்திரம் தலைமுறைக்குத் தலைமுறை முழுமையாகி வருகிறது என்று நம்பலாமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வளர்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை, ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் வளரவில்லை. பெண் படித்து வேலைக்குப் போனால் வீட்டுக்கு வருமானம் கூடும் என்பதால் அந்தக் கதவைக் குடும்பங்கள் ஓரளவு விரைவாகவே திறந்துவிட்டன. சொத்தோ, கொடுத்தால் குறைவது; அந்தக் கதவுதான் இன்னும் சிக்கிக்கொண்டு நிற்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989-இல்; இடையில் 60 ஆண்டுகள், அதாவது உங்கள் அம்மாவின் தலைமுறை முழுவதும், கழிந்துவிட்டன. அந்தத் திருத்தமும், அது நடைமுறைக்கு வருமுன்பே திருமணமாகிவிட்ட பெண்களை வெளியே நிறுத்தியது. உங்கள் மகளின் சம்பளம் அவருடைய கணக்கில் வரவாகிறதா என்பதோடு, அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் யார் என்பதையும் ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 1986-இல் திருமணமானது. அப்பா 2001-இல் உயில் எழுதாமல் காலமானார். பூர்வீக நிலமும் அவர் சம்பாதித்துக் கட்டிய வீடும் இருக்கின்றன. இதுவரை பாகப்பிரிவினை ஆகவில்லை. "உனக்குத்தான் நகை, சீர் எல்லாம் செய்தாயிற்றே, பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறார்கள் அண்ணன்கள். மறுத்தால் பிறந்த வீட்டுப் போக்குவரத்தே நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன், கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுரிமை விதிகள் வேறு. அப்பாவின் சுயார்ஜித வீட்டில், அவர் உயில் எழுதாததால், உங்கள் அம்மாவுக்கும் அண்ணன்களுக்கும் உள்ள அதே அளவு பங்கு உங்களுக்கும் உண்டு. இது புதிய சலுகையன்று, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருப்பது. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று தடுத்து வைத்திருந்தது. அந்தப் பிரிவு 2005-இல் நீக்கப்பட்டது. பூர்வீக நிலத்தைப் பொறுத்தவரை, 1989-இன் தமிழ்நாட்டுத் திருத்தம் உங்களைச் சேர்க்கவில்லை என்றாலும், 2005-இன் மத்தியத் திருத்தம் மணமான மகள், மணமாகாத மகள் என்று வேறுபாடு பார்க்கவில்லை. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் மட்டுமே கதை வேறு. நிலம் உங்கள் அப்பாவின் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பொறுத்துப் பங்கின் அளவு மாறலாம் என்பதால், மூலப் பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சீரையும் பாகத்தையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அண்ணன்களின் திருமணத்துக்கும் படிப்புக்கும் ஆன செலவை யாரும் அவர்கள் பங்கில் கழிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். மனமார விட்டுக்கொடுக்க நீங்கள் விரும்பினால் அது உங்கள் உரிமை. ஆனால் பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னாளில் ரத்து செய்வது எளிதன்று. படித்துப் பார்க்காமல், பங்கின் மதிப்பு தெரியாமல், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். முழுப் பங்கையும் கேட்க மனம் வரவில்லையென்றால், ஒரு தொகையைப் பிரதிபலனாகப் பெற்றுக்கொண்டு விடுதலை செய்யும் வழியும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால்தான் தங்கை என்ற உறவை, பத்திரம் பதிவான பிறகு அவர்கள் எவ்வளவு நாள் காப்பாற்றுவார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

கேள்வி: கணவரை இழந்த என் மகளுக்குக் குழந்தை இல்லை. எங்களோடு இருந்து வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கியிருக்கிறாள். அவள் உயில் எழுத வேண்டுமா? இந்த வயதில் அந்தப் பேச்சே அபசகுனம் என்கிறார் என் மனைவி.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அவசியம் எழுத வேண்டும். குழந்தையும் கணவரும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும் என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பெற்றோர் அதற்குப் பின்னால்தான். மணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு முழுவதும் கணவரின் உறவினர்களுக்கே சேரும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்ததும் இந்தப் பிரிவால்தான். பெண் சொந்தமாகச் சம்பாதிப்பாள் என்பதையே எண்ணிப் பார்க்காத காலத்தின் விதி இது. இதைத் திருத்தாமல் வைத்திருப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வங்கிக் கணக்கில் நியமனதாரராக உங்கள் பெயர் இருப்பது போதாது. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவைப்பது நல்லது. பயன்பெறுபவர் அல்லாத இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உங்கள் மகள் கையெழுத்திட்டு, அவர்களும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.