மென்சோபெரன்சன் நகரில் பிரபு வீடுகள் அதிகாரத்தை எப்படிப் பங்கிடுகின்றன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் வரும் மென்சோபெரன்சன், டிரௌ என்ற கருநிற எல்ஃப் இனத்தவரின் பாதாள நகரம். அங்கே 'வீடு' என்றால் சொந்தப் படை வைத்திருக்கும் பிரபு குடும்பம், தலைமை பெண்ணிடம்தான். வீடுகளுக்கு வரிசை எண் உண்டு. முதல் 8 வீடுகளின் தலைவிகள் மட்டும் ஆளும் மன்றத்தில் உட்காருவார்கள்.

சரி, ஒன்பதாவது வீடு எப்படி மேலே ஏறும்? மேலே உள்ள ஒரு வீட்டைச் சத்தமில்லாமல் அழித்துத்தான். அந்த வீட்டு வாரிசு ஒருவர் பிழைத்து வந்து குற்றம் சாட்டினால், தாக்கிய வீடு தொலைந்தது. யாரும் பிழைக்கவில்லையா? எதுவுமே நடக்காத மாதிரி ஊரே இருந்துவிடும். நம்ம எம்ஆர்டி ரயிலில், தடையை மீறி டுரியான் பழத்தைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிற கதைதான்: நாற்றம் (என் கட்சியில் அது வாசம்) வெளியே வந்தால்தான் வம்பு.

ஏன் இப்படி? அவர்கள் வணங்கும் சிலந்தித் தெய்வம் லோல்த்துக்குப் போட்டியும் குழப்பமும் பிடிக்கும். ஆனால் பகிரங்கச் சண்டை ஓயாமல் நடந்தால் நகரமே மிஞ்சாதே!

புதிதாக ஆடுபவர்கள் 8 தலைவிகளுக்கும் சம பலம் என்று நினைப்பதுண்டு. அப்படியில்லை, முதல் வீடான பேன்ரேயை எதிர்த்துப் பேச மற்ற ஏழு பேரும் ரொம்பவே யோசிப்பார்கள்.