தகரத்தில் காய்ந்த வெண்டை விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் காய்கறி போடுகிறேன். வெண்டைக்கும் பயத்தங்காய்க்கும் சொந்தமாக விதை எடுத்து, தகரத்தின் மேல் மூன்று நாள் காயவைத்தேன். மழை இல்லாததால் ராத்திரியும் அப்படியே விட்டேன். பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டி அடுப்படி அலமாரியில் வைத்தேன். ஐந்து மாதம் கழித்துப் போட்டால் வெண்டை பத்துக்கு இரண்டுதான் முளைத்தது. பயத்தங்காய் விதை முழுக்க ஓட்டை. எங்கே தவறு? ரம்புத்தான் கொட்டையையும் இப்படிக் காயவைத்து எடுத்து வைக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்தத் தகரத்தை விட்டுவிடுங்கள். உச்சி வெயிலில் கை வைக்க முடியாத தகரத்தில் பரப்பினால் விதை காயாது, வெந்துபோகும். 35, 40 டிகிரிக்கு மேல் விதைக்கு ஆகாது. உள்ளே ஈரம் இருக்கும்போதே சூடு ஏறினால் முளை செத்துவிடும். மேல்தோலைப் பார்த்தால் நல்ல விதை மாதிரியே இருக்கும், அதுதான் சங்கடம்.

அடுத்தது ராத்திரி. மழை பெய்யாவிட்டாலும் விடியற்காலையில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். செம்பனை மட்டையிலிருந்து பனி சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்தானே? பகலில் விட்ட ஈரத்தை விதை அந்த நேரத்தில் திரும்பக் குடித்துவிடுகிறது. நாலு மணிக்கெல்லாம் அள்ளி, ஒரு டின்னில் போட்டு மூடி உள்ளே வைத்திருக்க வேண்டும்.

இனி வெண்டைக்காயைச் செடியிலேயே முற்றவிடுங்கள். காய் பழுப்பாகி, மேல்வரிகள் லேசாக வெடிக்கும்போது பறிக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் காத்திருக்காமல் காம்போடு அறுத்து, தாழ்வாரத்தில் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். விதையை உதிர்த்தபின் முறத்திலோ பாயிலோ ஒற்றைப் படையாகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு காற்றாடி ஓடினால் இன்னும் நல்லது. காலை இளவெயில் பத்து மணி வரை படலாம்.

ஆனால் வெறும் காற்றில் எத்தனை நாள் வைத்தாலும் விதை ஈரம் 12, 13 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது இங்கே கஷ்டம். நெடுநாள் வைக்க வேண்டுமானால் எட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஒரு சதவீதம் குறைந்தாலே விதையின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. மிச்ச ஈரத்தை இழுக்க அரிசி போதும். ஒரு பங்கு விதைக்கு இரண்டு பங்கு அரிசி எடுத்து, வெறும் வாணலியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து, மூடி ஆறவிடுங்கள். சூடு அறவே போனபின் அதைக் கண்ணாடிப் போத்தலில் கொட்டி, துணியில் முடிந்த விதையை மேலே வைத்து இறுக்கமாக மூடுங்கள். இரண்டு வாரம் கழித்து அரிசியை மட்டும் எடுத்துவிடலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கிடைத்தால் விதையின் எடைக்குச் சரி எடை, ஒரு வாரம் போதும்.

அரிசிப் போத்தலுக்குப் போகுமுன் ஒரு சோதனை. உலர்ந்த போத்தலில் ஒரு கைப்பிடி விதையும் இரண்டு தேக்கரண்டி காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் முறத்துக்கே திரும்ப வேண்டும். பொலபொலவென்று அடியில் விழுந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். உப்புப் பட்ட விதையைச் சேமிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

பயத்தங்காய் வண்டு உங்கள் அலமாரியில் பிறந்ததாக நினைக்காதீர்கள். தோட்டத்தில் காய் முற்றும்போதே அது முட்டை வைத்துவிடும். நீங்கள் பையைக் கட்டியது வண்டையும் சேர்த்துத்தான். நன்றாக உலர்ந்த விதையை மூடிய போத்தலோடு ஐஸ்பெட்டியின் உறைபனி அறையில் ஐந்து நாள் வையுங்கள். புழுவும் முட்டையும் சாகும். ஈர விதையை வைத்தால் விதையும் சேர்ந்து செத்துப்போகும், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கீழ்த்தட்டிலேயே எல்லா விதையும் இருக்கட்டும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். போத்தலின் குளிர் விட ஒரு ராத்திரி ஆகட்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டவே வேண்டாம், நாளாவட்டத்தில் அதற்குள் ஈரம் ஏறும்.

மிச்சமிருக்கும் பழைய வெண்டை விதையில் இருபதை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி ஒரு வாரம் பாருங்கள். பத்துக்கும் குறைவாக முளைத்தால் குழிக்கு மூன்று விதையாகப் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

ரம்புத்தான் கதை வேறு. ரப்பர் விதையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் தொடையில் வைத்து விளையாடியவர்களுக்குத் தெரியும், அதை நாற்றுக்குப் பொறுக்கினால் உடனே போட்டாக வேண்டும் என்று. ரம்புத்தான், டுரியான், பலா எல்லாம் அந்தச் சாதிதான், காய்ந்தால் சாகும். தின்ற வாரத்திலேயே மண்ணில் போடுங்கள். அப்போதும் கொட்டையில் வந்த ரம்புத்தான் ஆண்மரமாகி, பூத்தும் காய்க்காமல் போகலாம். என்னைக் கேட்டால் ஒட்டுக்கன்றே வாங்குவேன்.