கண்ணைப் பாருங்கள், அப்புறம் கையை

மழைக்காலம் முடிந்ததும் காமாலைக் கேள்விகள் குவியும். இந்த வாரம் வந்தவற்றில் நான்கு.

நான்கு வயது மகளுக்கு உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாக இருக்கின்றன. காமாலையா?

வாசலுக்குக் கூட்டி வாருங்கள்; டியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும். மேல் இமையை லேசாகத் தூக்கி, கீழே பார்க்கச் சொல்லுங்கள். விழி வெள்ளையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் கேரட்டோ பூசணியோதான். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 3-ஐ நெருங்கும்போதுதான் விழியில் மஞ்சள் தெரியும்.

சிறுநீரில் அரிசி ஊறவைத்துப் பார்க்கலாம் என்கிறாரே மாமியார்?

அரிசியை உலையில் போடச் சொல்லுங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் சிறுநீர் மஞ்சளாகத்தான் போகும். கட்டன் டீ நிறத்தில் போய், நிறையத் தண்ணீர் குடித்தும் வெளுக்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கீழாநெல்லியில் சரியாகிவிட்டது. என் கணவருக்கும் கொடுக்கலாமா?

அந்தப் பையனுக்கு வந்தது ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அசுத்தமான தண்ணீரில் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அதற்குள் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான்! காய்ச்சல் மாதிரி காமாலையும் ஓர் அறிகுறி. ஹெபடைடிஸ் பி, குடி, எலிக்காய்ச்சல், காசநோய் மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

மணிக்கட்டில் சூடு போட்ட தழும்போடு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளிறிக் களிமண் நிறத்தில். ஸ்கேனில் பித்தநாளத்தில் கல். அதை எந்தப் பச்சிலை கரைக்கும்? சிலருக்கு அந்த இடத்தில் புற்றுக்கட்டியும் இருக்கும். வயதானவருக்கு வலியே இல்லாமல் காமாலை வந்தால் எனக்குக் கவலை கூடத்தான் செய்யும்.

கணவர் பிதற்றினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம். ஹெபடைடிஸ் ஈ அவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

பிறந்து மூன்று நாளான குழந்தை மஞ்சளாக இருக்கிறது. இளவெயிலில் காட்டினால் போதுமா?

இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கும் மஞ்சள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே மறையும். ஆனாலும் பிலிருபின் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தாலோ, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ உடனே கிளம்புங்கள். பிலிருபின் எல்லை மீறினால் மூளையைப் பாதிக்கும். வார்டில் வைக்கும் நீல விளக்குக்கு வெயில் ஈடாகாது.