கை நடுக்கம் முதல் ஸ்டீராய்டு மாத்திரை வரை: அட்ரினல் பற்றிய உங்கள் கேள்விகள்

கே: பைக்கில் போகும்போது ஒரு லாரி உரசுவதுபோல் வந்துவிட்டது. அடி எதுவும் படவில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்த பிறகும் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. ஏன்?

ப: சிறுநீரகம் ஒவ்வொன்றின் உச்சியிலும் தொப்பி வைத்ததுபோல் ஓர் அட்ரினல் சுரப்பி இருக்கிறது. எடை 4, 5 கிராம்தான். லாரியைக் கண்ட நொடியில் நரம்பு வழியாக அதன் உட்பகுதிக்குச் செய்தி போய், அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் படபடக்கும், கை நடுங்கும், கண்மணி விரியும், தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குப் பாயும். முகம் வெளிறுவது இதனால்தான். ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். ஆனால் அந்தக் காட்சியை மனசு திரும்பத் திரும்ப ஓட்டினால் சுரப்பும் தொடரும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். கை நிதானத்துக்கு வந்த பிறகே வண்டியை எடுங்கள்.

கே: டென்ஷன் எவ்வளவு என்று பார்க்க கார்டிசால் டெஸ்ட் எடுக்கலாமா?

ப: வேண்டாம். அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி சுரக்கும் ஹார்மோன்தான் கார்டிசால். அது மணிக்கு மணி மாறும், ஊசிக்குப் பயந்தாலே ஏறும். குஷிங் (கார்டிசால் மிகையாவது), அடிசன் (குறைந்துபோவது) போன்ற நோய்களைச் சந்தேகித்தால் மட்டுமே அந்த டெஸ்ட் உதவும்.

கே: ராத்திரி இரண்டு இட்லிதான் சாப்பிட்டேன். படுக்கும்போது 120 இருந்த சர்க்கரை காலையில் 165!

ப: இட்லியைக் குறை சொல்லாதீர்கள். கார்டிசால் விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கி, கண் விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். நாம் எழுந்து நடமாடுவதற்காக, சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே விடும்படி கல்லீரலைத் தூண்டும். வளர்ச்சி ஹார்மோனும் கூடச் சேரும். இன்சுலின் போதுமான அளவு இருந்தால் சமாளித்துவிடும், நீரிழிவு இருந்தால் அப்படிச் சமாளிக்க முடிவதில்லை. நீங்களாக மாத்திரையைக் கூட்டாமல், இந்த இரண்டு அளவுகளையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: முடக்குவாதத்துக்காக அம்மா ஒரு வருடமாக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார். முகம் உப்புகிறது என்று போன வாரம் சட்டென நிறுத்திவிட்டார். இப்போது வாந்தி, எழுந்தாலே தலைசுற்றல்.

ப: இதைப் படித்த உடனே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்ட, கார்டிசால் சுரக்கிறது. அதே வேலையைச் செய்யும் மாத்திரை தினமும் வெளியிலிருந்து வந்தால் இந்தச் சங்கிலி ஓய்ந்துவிடும். திடீரென நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது, மாதக்கணக்கில்கூட ஆகலாம். கார்டிசால் இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்து.

பயிற்சிக் காலத்தில் இப்படி ஒரு பாட்டியைப் பார்த்தேன். நாடி கைக்கே சிக்கவில்லை. பேத்தி மடியில் இருந்த மஞ்சள் பையில் பாதி தீர்ந்த ஸ்டீராய்டு அட்டை. அதைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. சலைனும், கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் போட்டோம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அதனால் சொல்கிறேன், அம்மா சாப்பிட்ட மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துப் போய், எந்தத் தேதியில் நிறுத்தினார் என்பதை முதலில் சொல்லுங்கள்.