நூலகர் நாள் முழுவதும் படிப்பாரா?

கேள்வி: பொது நூலகப் பணியில் நாள் முழுவதும் படித்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: படிக்க நேரம் கிடைப்பது அரிது. திரும்பி வந்த நூல்களை அடுக்குவதிலும், வாசகர்கள் இடம் மாற்றிச் செருகிவிட்டவற்றைத் தேடுவதிலுமே பெரும்பொழுது கழிகிறது. தவறான அலமாரியில் நிற்கும் நூல் தொலைந்ததற்குச் சமம். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தசமப் பகுப்பு முறையில் சமையல் 641-இலும் வளர்ப்புப் பிராணிகள் 636-இலும் இருப்பதை மனப்பாடமாக அறிந்தவரிடம், “போன மாதம் இங்கிருந்த நீல அட்டைப் புத்தகம் எங்கே?” என்று ஒருவர் கேட்கும்போதுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. (தலைப்பு மறந்தவருக்கு நிறம் மட்டும் மறப்பதில்லை, அதுவும் பல நேரங்களில் பச்சையாக இருக்கும்.) பக்கங்களுக்கிடையே அகப்படும் பயணச்சீட்டுகளையும் மளிகைப் பட்டியல்களையும், உரியவர் தேடி வரக்கூடும் என்று மேசை இழுப்பறையில் சேர்த்து வைப்பதும் எழுதப்படாத பணிகளுள் ஒன்று.