அவிசாவளை ரயில் ஏன் இவ்வளவு வளைந்து, மெதுவாகப் போகிறது?

கொழும்பு மருதானையில் ஏறும் பலரும் கேட்பது இது. காரணம் பாதையின் பிறப்பில் இருக்கிறது. இந்த ரயில் ஓடும் களனிவெளிப் பாதை 1900களின் தொடக்கத்தில் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்காகப் போடப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 2.5 அடிதான். அகலம் குறைந்தால் கூர்மையாக வளைக்கலாம். மேட்டை வெட்டாமல் சுற்றிப் போகலாம், செலவும் குறைவு.

அப்போது ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்கும், இன்னொன்று இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க வரைக்கும் போனது. பின்னாளில் இரண்டும் மூடப்பட்டன. சப்ரகமுவ மக்களுக்கு அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

அப்புறம் 1990களில் அவிசாவளை வரை 5.5 அடி அகலப்பாதை ஆக்கினார்கள். ஆனால் தடம் பெரும்பாலும் பழையதுதான். பெரிய ரயில் அந்தச் சின்ன வளைவுகளில் வேகம் எடுக்க முடியாது.